அப்பாவின் அடுப்பில் இரண்டு வருடம்

அப்பாவின் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உற்றார் உறவினர்களுக்கும், அப்பாவோடு உப்புப் பாத்தியில் நின்ற தோழர்களுக்கும், எங்கள் தெருவில் உள்ள அனைவருக்கும் மகளின் பணிவான வணக்கம். இப்படிப்பட்ட கட்டுரையை யாராவது ஒரு தமிழாசிரியரிடம் கொடுத்து எழுதி வாங்குவதுதான் வழக்கம் என்று பெரியவர்கள் சொன்னார்கள். அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. "பொண்ணு எழுதுவா" என்று சொல்லிவிட்டார். என்னிடம் ஒரே ஒரு நிபந்தனை மட்டும் போட்டார். "படிக்கிறவங்கள அழ வெச்சிடாதடி. சாப்பிட வந்தவங்க அழுதா உங்கப்பாவுக்குப் புடிக்காது." ஆகவே முடிந்தவரை சிரித்துக்கொண்டே எழுதுகிறேன். நடுவில் எங்காவது எழுத்து தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா பிறந்தது கிளியனூரில். நான்கு பிள்ளைகளில் மூன்றாவது. மாடு மேய்த்ததால் பள்ளிக்கூடப் பக்கம் போகவில்லை. மீசை அரும்பும் வயதில், பத்து நாள் வேலை என்று யாரோ கூப்பிட, மரக்காணத்துக்கு உப்பு வார வந்தார். அந்தப் பத்து நாள் முப்பது வருடம் ஆகிவிட்டது. இங்கேயே வேலை, இங்கேயே அம்மாவோடு கல்யாணம், இங்கேயே நான். பாத்தித் தண்ணீரைக் கையில் அள்ளிப் பார்த்தே நாளைக்கு உப்பு பூக்குமா பூக்காதா என்று சொல்லிவிடுவார் என்று அவரோடு வேலை செய்தவர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

அவ்வளவு தெரிந்த மனிதருக்கு வீட்டில் சொம்பு எங்கே இருக்கிறது என்று தெரியாது. தண்ணீர் வேண்டுமென்றால் வாசலில் இருந்தே குரல் கொடுப்பார். பசி வந்தால் கோபமும் கூடவே வரும். சோறு வெந்துவிட்டதா என்று மூன்று முறை கேட்பாரே தவிர, அடுப்படிக்குள் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார். குறையைச் சொல்லாமல் நிறையை மட்டும் எழுதினால் அது அப்பாவைப் பற்றிய கட்டுரையாக இருக்காது என்பதால் இதையும் எழுதுகிறேன்.

2004 கோடையில் அப்பாவின் கால் கெட்டது. உப்புத் தண்ணீரில் நிற்பவர்களுக்குப் பாதத்தில் வெடிப்பு வருவதும் புண் வருவதும் புதிதல்ல. ஆனால் அப்பாவுக்குச் சர்க்கரை இருந்திருக்கிறது. அது எங்கள் யாருக்கும் தெரியாது. புண் ஆறவே இல்லை. இனி உப்புத் தண்ணீரில் கால் வைக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அம்மா ஒருவரின் கூலியில் வீடு நடந்தது. மழைக்காலத்தில் பாத்தி வேலை கிடையாது. உப்பு மூட்டை கட்டும் வேலை இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் அதுவும் இல்லை.

அப்போது நான் பதினொன்றாம் வகுப்பு. அம்மா விடியும் முன்பே வேலைக்குப் போய்விடுவதால் சமையல் என் தலையில் விழுந்தது. சோறு வடித்து, குழம்பு வைத்து, புகையில் கண் எரிய ஓடினால் முதல் பாடவேளை முடிந்திருக்கும். காலாண்டுத் தேர்வில் மூன்று பாடத்தில் தோற்றேன். மதிப்பெண் அட்டையில் கைநாட்டு வாங்க அப்பாவிடம் நீட்டினேன். அவருக்கு எண்களும் தெரியாது, எழுத்தும் தெரியாது. சிவப்பு மை மட்டும் தெரிந்தது.

"இது இன்னாம்மா, மூணு எடத்துல செவப்பா கீது?"

"ஃபெயிலுப்பா."

அதற்குள் எதிர்வீட்டு அக்கா வாசலில் இருந்தே யோசனை சொன்னார்: "படிப்பு ஏறலன்னா உட்டுடு. அம்மா கூட உப்பு தூக்கட்டும். ரெண்டு கூலி வரும்ல?" அவர் எங்கள் மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னார். அன்று எங்கள் தெருவில் யாரைக் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். மறுநாள் காலை நான் எழுந்தபோது அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அப்பா குந்திக்கொண்டு, சவுக்குச் சுள்ளியை ஒடித்து ஒடித்து வைத்து ஊதிக்கொண்டிருந்தார். புருவத்தில் சாம்பல்.

"நீ போய்ப் படி. பன்னெண்டாவது முடிக்கிற வரைக்கும் இந்தப் பக்கம் வராத. வந்தா காலை ஒடச்சிடுவேன்" என்றார். கால் சரியில்லாதவர் என் காலை ஒடிப்பதாகச் சொன்னது எனக்குச் சிரிப்பாக வந்தது. அவருக்கும் வந்தது.

முதல் நாள் ரசத்தை எங்கள் வீடு மறக்காது. அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, "இது ரசமா, பாத்தித் தண்ணியா?" என்று கேட்டார். அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இன்னொரு முறை ருசி பார்த்து, "சரியாத்தானே கீது" என்றார். பாத்தி ஓரத்தில் உட்கார்ந்து, கையில் அகப்பட்ட உப்பை அள்ளிப் போட்டு முப்பது வருடம் கூழ் குடித்த நாக்கு அது. நாங்கள் துப்புவது அவருக்குச் சப்பென்று இருந்தது. ஒரு வாரம் பார்த்துவிட்டு அம்மா சட்டம் போட்டார். அப்பா எதை வேண்டுமானாலும் சமைக்கலாம், உப்பை மட்டும் தொடக்கூடாது. மத்தியானம் அம்மா வேலையிலிருந்து வந்து, காலைக் கழுவி, தன் கையால் குழம்புக்கு உப்புப் போடுவார். பிறகுதான் யாரும் சாப்பிட உட்காரலாம். உப்புச் சாடி மேல் பலகைக்கு ஏறியது.

மற்றதையெல்லாம் அப்பா வெட்கம் பார்க்காமல் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டார். எக்கியார்குப்பத்தில் மீன் ஏலம் முடிந்த பிறகு போவார். பெரிய மீனெல்லாம் வண்டி ஏறிய பிறகு, கூடையின் அடியில் கலந்து கிடக்கும் பொடி மீனை ஒரு கூறாக வாங்குவார். அதை எப்படி ஆய்வது என்று மீன் விற்கும் பெண்களிடமே உட்கார்ந்து கற்றார். ரேஷன் அரிசியை மூன்று தண்ணீரில் கழுவி அரை மணி நேரம் ஊறப்போட்டால் அந்த வாடை போகும் என்று எதிர்வீட்டு அக்கா சொன்னார். இரண்டாவது கழுநீரைக் கொட்டாமல் குழம்புக்கு ஊற்றுவது அப்பாவே கண்டுபிடித்தது. பீர்க்கங்காய் வாங்கினால் தோல் துவையலாகும். வாழைக்காய் வாங்கினால் தோல் பொரியலாகும். தர்பூசணிக் காலத்தில் சாலையோரக் கடைகளில் வெடித்துப்போன பழத்தைக் கொடுப்பார்கள். சிவப்பு எனக்கு, வெள்ளைப் பகுதி கூட்டுக்கு. எங்கள் வீட்டில் தூக்கிப்போட ஒன்றும் மிஞ்சாததால், தெருக்கோழிகள் எங்கள் வாசலுக்கு வருவதையே நிறுத்திவிட்டன.

மளிகைக் கடை பாயிடம் அப்பா கேட்கும் கேள்வி எங்கள் தெருவுக்கே மனப்பாடம். "பாய், மூட்டை அடியில இன்னா கீது?" மூட்டை காலியாகும்போது அடியில் உடைந்த பருப்பும் நொய்யும் தங்கும். பாய் அதைப் புடைத்து, காகிதத்தில் மடித்து எடுத்து வைத்திருப்பார். "உனக்குன்னுதாம்பா வெச்சிருக்கேன். தொவரம்பருப்பு குருணை. சீக்கிரம் வேகும், வெறகும் மிச்சம்" என்று அவரே சேர்த்துச் சொல்வார். அந்தக் குருணைப் பருப்பில் அப்பா வைத்த சாம்பாரின் வாசனை வந்தால் எனக்குக் கணக்குப் பாடமே ஓடாது.

டீக்கடையில் ஆண்கள் கேலி செய்யாமல் இருப்பார்களா? "ஏம்பா, இன்னிக்கு இன்னா கொழம்பு?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். அப்பா கோபப்பட மாட்டார். நிதானமாக உட்கார்ந்து, வெந்தயம் தாளிப்பதிலிருந்து ஆரம்பித்து முழுக் குழம்பையும் வாயாலேயே வைத்துக் காட்டுவார். கேட்டவர் டீயை ஆறவிட்டு எழுந்து போகும்வரை நிறுத்த மாட்டார். ஒரு மாதத்தில் கேலி நின்றது. அதற்குப் பதிலாக, "வூட்ல பொண்டாட்டிக்குக் காய்ச்சல், ரசம் எப்டி வெக்கறது?" என்று ரகசியமாகக் கேட்க ஆரம்பித்தார்கள்.

அந்த டிசம்பரில் கடல் உள்ளே வந்தது. குப்பங்களில் நடந்ததை இந்த மலரில் நான் எழுத மாட்டேன். அதைத் தாங்கியவர்கள் உங்களில் பலர் இருக்கிறீர்கள். எங்கள் வீட்டில் உயிருக்குச் சேதமில்லை. பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தவர்களுக்குக் கஞ்சி காய்ச்சிய அண்டாவின் முன்னால் அப்பா கட்டுப்போட்ட காலோடு நான்கு நாள் நின்றார். அம்மா பின்னாலேயே நின்று உப்புப் போட்டார். அது முடிந்து திரும்பிப் பார்த்தால் பாத்தி முழுவதும் சேறு. அந்த வருடம் உப்பு எப்போது விளையும் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அம்மாவுக்கும் வேலை இல்லை.

இந்தச் செய்தி சென்னையில் இருக்கும் மாமாவுக்கு, அதாவது அம்மாவின் அண்ணனுக்கு, வேறு மாதிரியாகப் போய்ச் சேர்ந்தது. நாங்கள் பட்டினி கிடப்பதாக யாரோ சொல்லிவிட்டார்கள். மாமா, கடை பாய் வீட்டுத் தொலைபேசிக்குக் கூப்பிட்டு அம்மாவிடம் பேசினார். "ஞாயித்துக்கெழம வர்றேன். பொண்ணைப் பாக்கணும். அது ஒழுங்கா சாப்பிடலைன்னா என் கூடக் கூட்டிட்டுப் போயிடுவேன். என் வூட்டுக்குப் பக்கத்துல துணி தைக்கிற கம்பெனி கீது. மூணு வேள சோறும் உண்டு, சம்பளமும் உண்டு." மாமா சொன்னால் சொன்னதுதான். அம்மாவின் கல்யாணத்தை நடத்தி வைத்தவர் அவர். அவர் பேச்சுக்கு எங்கள் வீட்டில் எதிர்ப்பேச்சு கிடையாது. நான் அன்று பாடப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பக்கம்கூடத் திருப்பவில்லை.

அப்பா மட்டும், "சோறுதானே பாக்க வர்றாரு? காட்டிடலாம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே அடுப்புப் பற்றவைத்தார். ரேஷன் அரிசிச் சோறு பூவாக மலர்ந்திருந்தது. பொடி மீன் குழம்பு. எதிர்வீட்டுக் கொல்லையில் காய்த்த பூசணியில் கூட்டு. குருணைப் பருப்புத் தண்ணீரில் ரசம். உமரிக்கீரைப் பொரியல். உமரி என்பது பாத்தி ஓரத்து உவர் மண்ணில் தானாக முளைக்கும் கீரை. உப்பைக் குடித்தே வளர்வதால் அதற்கு உப்பே போட வேண்டாம். இரண்டு முறை வேகவைத்து, தண்ணீரை வடித்துப் பிழிந்தால்தான் வாயில் வைக்க முடியும். அன்று அவசரத்தில் அப்பா ஒரு முறைதான் வேகவைத்தார்.

அம்மா மாமாவை அழைத்துவரப் பேருந்து நிறுத்தத்துக்குப் போனார். "நான் வந்து உப்புப் போடறேன்" என்று போகும்போது சொன்னது அப்பாவுக்கு நன்றாகக் கேட்டது. எனக்குக் கேட்கவில்லை. அம்மாவே காலையில் போட்டுவிட்டுப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். பேருந்து ஒரு மணி நேரம் தாமதம். வழியெல்லாம் அம்மா என்னை விட்டுவிடும்படி மாமாவிடம் கெஞ்சிக்கொண்டே வந்திருக்கிறார். வீட்டுக்கு வந்தபோது அவர் கண் சிவந்திருந்தது. உப்பு என்ற ஒன்று உலகத்தில் இருப்பதே அவருக்கு மறந்துவிட்டது. மாமாவும் "மூணு மணி வண்டியப் புடிக்கணும், போடு சோத்த" என்று நேராக இலையில் உட்கார்ந்துவிட்டார். அம்மா அடுப்படிக்குள் போனதைப் பார்த்த அப்பா, உப்புப் போட்டாயிற்று என்று எண்ணி, குழம்பை எடுத்து வந்து பரிமாறினார்.

மாமா முதல் வாய் வைத்தார். மென்றார். மெல்வதை நிறுத்தினார். மறுபடி மென்றார். அப்பா கரண்டியும் கையுமாக, "எப்டி மச்சான்?" என்றார்.

"நல்லாத்தான் கீது மாப்ள" என்று மாமா விழுங்கினார். பிறகு பேச்சை மாற்றுவதுபோல் கீரையை எடுத்து வாயில் போட்டார். அவர் கண் அகலமாகத் திறந்தது. ஒரு நிமிடம் இலையையே பார்த்தார். அப்புறம் கொஞ்சம் கீரையை எடுத்துக் குழம்புச் சோற்றில் பிசைந்து ஒரு வாய் தின்றார். முகம் மலர்ந்தது. கூட்டிலும் கொஞ்சம் கீரையைக் கலந்தார். "இன்னும் கொஞ்சம் கீரை போடு மாப்ள" என்றார். ரசத்துக்கும் கீரை. மூன்று முறை சோறு வாங்கினார். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அப்பாவோ பெருமையில் பூரித்துப்போய் நின்றார்.

மாமா கை கழுவிய பிறகு அம்மா ஒரு தட்டில் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு வாய்தான். "ஐயோ, உப்பே போடலையே!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

அப்பாவின் முகம் போன போக்கைச் சொல்ல முடியாது. மாமா மட்டும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "உப்பளத்துக்காரன் வூட்ல வந்து உப்பில்லாத சோறு துன்ன மொத ஆளு நான்தான். அந்தக் கீர இல்லன்னா செத்தேன்." சிரிப்பு அடங்கியதும் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். "பாப்பா, உண்மையச் சொல்லு. தெனம் இந்த மாதிரியா சாப்பிடற?"

"இல்ல மாமா. தெனம் உப்போட சாப்பிடறேன்" என்றேன்.

மாமாவுக்குப் புரையேறிவிட்டது. அம்மா தலையில் தட்டி, தண்ணீர் கொடுத்தார். அதன்பிறகு அவர் ஒவ்வொரு பாத்திரமாகக் காட்டி, இது எங்கே வாங்கியது, அது எங்கே வாங்கியது என்று விசாரித்தார். கீரை பாத்தி ஓரத்தில் பறித்தது, பூசணி எதிர்வீட்டுக் கொல்லையில் காய்த்தது, பருப்பு மூட்டை அடியில் தங்கியது என்று அப்பா கூச்சத்தோடு சொன்னார். புறப்படும்போது மாமா, "பொண்ணு கன்னம் உப்பித்தான் கீது. பரிட்ச முடியட்டும். அப்பறம் பாக்கலாம்" என்றார். அம்மா பேருந்து நிறுத்தம் வரை அழுதுகொண்டே போனார். அந்த முறை அது வேறு அழுகை.

அந்தப் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை வர ஒரு வருடத்துக்கு மேல் இருந்தது. அதை அப்பா நகர்த்திய விதம் எனக்குத்தான் தெரியும். பாத்தியில் மறுபடி உப்பு விளைய நாளானது. 2005 மழையில் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். அடுப்பு மூழ்கிவிட்டது. அப்பா கட்டில் மேல் செங்கல்லை அடுக்கி, அதன்மேல் அடுப்பு மூட்டி, பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து கேழ்வரகுக் களி கிளறினார். கட்டிலின் இன்னொரு முனையில் நான் விலங்கியல் படித்தேன். "அந்தத் தவளைய மூடி வையி, களிக்குள்ள குதிச்சிடப் போகுது" என்று படத்தைப் பார்த்துச் சொல்வார். ஒரு நாள்கூட என்னைப் பசியோடு தேர்வுக்கு அனுப்பவில்லை. கூழோ கஞ்சியோ, தொட்டுக்கொள்ள ஏதாவது ஒன்று புதிதாக இருக்கும்.

தேர்வு முடிவு வந்த அன்று பள்ளியில் கூட்டம். பலகையில் என் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தபோது பின்னால் சிரிப்புச் சத்தம். திரும்பினால், அப்பா குழம்புக் கரண்டியைக் கையில் பிடித்தபடி நொண்டி நொண்டி வருகிறார். அடுப்பிலிருந்து அப்படியே கிளம்பிவிட்டார். கரண்டி கையில் இருப்பது அவருக்கே தெரியாது. "எங்க, எங்க? எந்த எடத்துல கீது?" என்றார். என் எண்ணைக் காட்டினேன். எழுத்துத் தெரியாத அந்த விரலால் அதைத் தடவிப் பார்த்தார். "செவப்பு இல்லியே?" என்று கேட்டார். இல்லை என்றேன். அங்கேயே நின்று அழுதார். அப்பா அழுது நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

ஆசிரியர் பயிற்சிக்குத் திண்டிவனத்தில் இடம் கிடைத்தது. கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொன்ன அதே மாமாதான் சேர்க்கைக்கு வேண்டியதைப் பார்த்துக்கொண்டார். தினமும் என் டப்பாவை அப்பா கட்டிக் கொடுத்தார். வகுப்பில் அந்த டப்பாவை நான் திறப்பதற்குள் தோழிகள் திறந்துவிடுவார்கள்.

இந்த ஐப்பசியில் அப்பாவின் கால் புண் உள்ளே பரவி, காய்ச்சலோடு புதுச்சேரி மருத்துவமனையில் சேர்த்தோம். அங்கேயும் அவர் சும்மா இருக்கவில்லை. பக்கத்துக் கட்டில் நோயாளியின் மனைவிக்கு வாழைக்காய்த் தோல் பொரியல் சொல்லிக்கொடுத்தார். கடைசி நாள் காலையில் அம்மாவிடம் அவர் கேட்டது, "பாப்பாவுக்கு டப்பா கட்டிட்டியா?" என்பது மட்டுமே. கட்டிவிட்டேன் என்று அம்மா சொன்னார். சரி என்று கண்ணை மூடிக்கொண்டார். இந்த இடத்தில் அம்மாவின் நிபந்தனையை என்னால் காப்பாற்ற முடியவில்லை.

அப்பாவின் காலுக்குக் கட்டு மாற்றிய செவிலியர்களுக்கும், மூட்டை அடியைப் புடைத்துக் கொடுத்த பாய்க்கும், பூசணியைக் கொடுத்துவிட்டுக் கணக்குக் கேட்காத எதிர்வீட்டு அக்காவுக்கும், அப்பாவுக்கு மீன் ஆயக் கற்றுக்கொடுத்த குப்பத்துத் தாய்மார்களுக்கும், பாடையைத் தோளில் சுமந்த உப்பளத் தோழர்களுக்கும், எல்லாவற்றுக்கும் முன்னால் நின்ற மாமாவுக்கும் எங்கள் குடும்பம் நன்றிக் கடன்பட்டிருக்கிறது. இன்று அனைவரும் வயிறாரச் சாப்பிட்டுப் போக வேண்டும் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறோம்.

இந்த மலரை அச்சடிக்கக் கொடுத்தபோது அச்சகக்காரர், படத்துக்குக் கீழே அப்பாவின் தொழில் என்று என்ன போடுவது என்று கேட்டார். உப்பளத் தொழிலாளி என்று போடச் சொன்னார் சித்தப்பா. அம்மா குறுக்கிட்டார்.

"முப்பது வருஷம் உப்பு வாரினாரு, அதையும் போடு. ரெண்டு வருஷம் சமைச்சாரு, அதையும் போடு. அந்தச் சோத்துலதான் என் பொண்ணு டீச்சராவப் போறா."

ஆம்பிளைக்கு அப்படிப் போடுவது நன்றாக இருக்காது என்று சித்தப்பா தயங்கினார். அம்மா விடவில்லை. முதல் பக்கத்தில் அப்பாவின் படத்துக்குக் கீழே இரண்டையும் போட்டிருக்கிறோம்.